சப்பிரகமுவா மலைப்பாதைகளில் மோட்டார் உருகியின் வரலாறு

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் மிகச் சிறியனவும் மிக மலிவானவுமானவற்றை எண்ணத் தொடங்கினால், உருகிக்கு அவற்றுள் முதலிடம் கொடுத்தல் வேண்டும். சாரதிகள் இதனைப் 'பியூஸ்' என்பர். ஒரு விரலின் அரையளவு நீளமுள்ள கண்ணாடிக் குழாய். அதனுள்ளே மெல்லிய உலோக இழை. இரு முனையிலும் பித்தளை மூடி. இவ்வளவே அதன் உருவம். மற்றைய உறுப்புக்கள் உழைத்துத் தேய்ந்து பழுதடையும். உருகியோ பழுதடைவதற்கென்றே செய்யப்பட்டது. அது எரிந்துபோகும் கணமே அது தன் கடமையை முடித்த கணமாகும். இந்த உண்மையை உணராதவர்கள் எரிந்த உருகியைக் குற்றவாளியாகக் கருதினர். உணர்ந்தவர்கள் அதனை ஒரு சாட்சியாகக் கொண்டு விசாரித்தனர். இந்த இருவகைச் சாரதிகளையும் சப்பிரகமுவா மாகாணத்துத் தோட்டப் பாதைகள் நன்கு கண்டிருக்கின்றன.

கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்களும் இலங்கையின் தாழ்நிலத்துக்கும் மத்திய மலைநாட்டுக்கும் இடையே படிக்கட்டுப் போல அமைந்தவை. கீழ்ப்படியில் றப்பர், மேற்படியில் தேயிலை. மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவைக்கு ஏறும் கண்டி வீதி, எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலை வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறும் வீதி, இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, பலாங்கொடை என்று கிழக்கே செல்லும் வீதி, இறக்குவானைப் பக்கம் பிரியும் வீதி ஆகிய யாவும் வளைவும் ஏற்றமும் மிகுந்தவை. இவற்றிலிருந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் பிரிந்து செல்லும் கிளைப்பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இத்தகைய பாதையில், மழையிரவிலே, வண்டியின் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் திடீரென நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்த வைப்பரின் உயிர் ஒரு சிறு உருகியில் தங்கியிருந்தது.

மோட்டார் வண்டி இம்மலைகளுக்கு வந்தபோது மின்சாரம் அதனுடன் கூடவே வரவில்லை. அக்காலத்திற் சரக்குப் போக்குவரத்து மாட்டுவண்டியையும் ஒடுங்கிய பாதை இரயிலையும் நம்பியிருந்தது. களனிப் பள்ளத்தாக்கு இரயில்பாதை 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கையையும் எட்டியது. இலங்கையில் மோட்டார்க்காரர்களின் சங்கம் 1904இலேயே தோன்றிவிட்டது. அந்நாளைய வண்டிகள் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைத் தொடக்கின. தீப்பொறியை மக்னீற்றோ என்னும் கருவி எஞ்சினின் சுழற்சியிலிருந்தே பெற்றுக் கொடுத்தது. முன்விளக்குகள் காபைட் விளக்குகளாயிருந்தன. காபைட் கட்டியின்மேல் நீர் சொட்டச் சொட்ட எழும் அசற்றிலீன் வாயு எரிந்து வெண்ணிற ஒளி தந்தது. பின்விளக்குக்கு மண்ணெண்ணெய். மின்கம்பியே பெரிதாக இல்லாத வண்டியில் உருகிக்கு வேலை ஏது?

ஆயினும் உருகி என்னும் எண்ணம் மோட்டார் வண்டிக்கு முந்தியது. தந்தி நிலையங்களின் கருவிகளை இடிமின்னல் அழித்துவிடுவதைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் லூயி பிரெகே என்பார், நிலையத்துள் நுழையுமுன் தந்திக் கம்பியின் ஒரு பகுதியை மிக மெல்லியதாக அமைக்கலாம் என்று 1847இற் கூறினார். மின்னல் தாக்கினால் மெல்லிய பகுதி முதலில் உருகும். கருவியும் அதன் அருகிருக்கும் மனிதனும் பிழைப்பர். 1882இல் நியூயோர்க் நகரிலே எடிசன் மின்விளக்கு நிலையம் அமைத்தபோது இதே தத்துவம் வீட்டு மின்சாரத்துக்கும் காவலாயிற்று.

இதன் அடிப்படை எளியது. கம்பியினூடாக மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. ஈயம் 327 பாகை செல்சியசிலும், வெள்ளீயம் 232 பாகையிலும், நாகம் ஏறத்தாழ 420 பாகையிலும் உருகும். செம்பு உருகுவதற்கோ 1,080 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆகவே செப்புக் கம்பியின் நடுவே எளிதில் உருகும் உலோகத்தை வைத்தாலும், செம்பையே மிக மெல்லிய இழையாக்கி வைத்தாலும், தீங்கு நேரும்போது முதலில் அறுபடுவது அந்த இடமேயாகும். செப்புக்கம்பி உருகும்வரை காத்திருந்தால், அதன் மேலுறையான றப்பரும் பருத்தித் துணியும் அதற்கு வெகுமுன்பே தீப்பற்றிவிடும். உருகி கருவியைக் காக்கிறது என்பது ஓரளவே உண்மை. அது முதலிற் காப்பது கம்பியையும், கம்பி செல்லும் வழியிலுள்ள எல்லாவற்றையும்.

மோட்டார் வண்டியில் மின்சாரம் ஆட்சி பெற்றதற்கு 1912ஆம் ஆண்டு எல்லைக்கல். அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் அமைத்த மின்தொடக்கி அவ்வாண்டில் கடிலாக் வண்டியிற் பொருத்தப்பட்டது. கைப்பிடி சுழற்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் அவலம் அதனாற் குறைந்தது. மின்தொடக்கி வேண்டுமானால் வலிய பற்றரி வேண்டும்; பற்றரியை நிரப்ப டைனமோ வேண்டும். இவையிரண்டும் வந்தபின் விளக்கும், ஹோர்னும், வைப்பரும் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரத்துக்கு மாறின. வண்டியின் பற்றரி 6 வோல்ற்று அல்லது 12 வோல்ற்றுத்தான். தொட்டால் உடல் அதிர்வதில்லை. அதனாலேயே பலர் அதனைச் சாது என்று எண்ணி ஏமாந்தனர். கம்பியின் உறை கிழிந்து வண்டியின் இரும்புடலைத் தொட்டுவிடுமானால், அதே பற்றரி ஒரு நொடியிலே நூற்றுக்கணக்கான அம்பியர் ஓட்டத்தைக் கக்கவல்லது. இரும்புடலே மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியாக அமைந்திருப்பதால், உறை கிழிந்த கம்பி எங்கே தொட்டாலும் தீமையே.

இலங்கைத் தோட்டங்களில் ஓடிய வண்டிகளிற் பெரும்பாலானவை நெடுங்காலம் பிரித்தானிய வண்டிகளே. அவற்றின் மின்கருவிகளைப் பேர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. அதனை நிறுவிய யோசெப் லூக்காஸ், தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றுத் தொழில் தொடங்கியவர். 1879இல் சைக்கிள் விளக்குச் செய்து பெயர் பெற்றவர். விளக்கு வணிகத்திற் பிறந்த அந்நிறுவனத்தின் நிறுவனரையே பின்னாளில் ஆங்கிலேய மோட்டார்க்காரர்கள் 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்தனர். கேலியில் ஓரளவு அநீதியும் உண்டு. நனைந்த முனைகளையும் துருப்பிடித்த திருகுகளையும் துடைக்காது விட்டவரின் குற்றமும் அப்பெயரிலேயே எழுதப்பட்டது.

லூக்காஸ் உருகியின் கண்ணாடிக் குழாயினுள் இழையோடு ஒரு சிறு காகிதத் துண்டும் இருக்கும். அதில் 35 என்றோ 50 என்றோ அம்பியர் அளவு அச்சிடப்பட்டிருக்கும். இந்த எண்ணைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 35 என்பது உருகி அறுபடும் அளவேயன்றி, இடைவிடாது தாங்கும் அளவன்று. தொடர்ந்து தாங்குவது அதன் பாதியாகிய 17.5 அம்பியர் மாத்திரமே. அமெரிக்க உருகிகளிலோ எழுதப்பட்ட எண் வேறு பொருள் தரும்; அவற்றில் அது தொடர்ந்து ஓடக்கூடிய ஓட்டத்தைக் குறிக்கும். ஒரே எண், இரண்டு பொருள். கடையிலே '35 அம்பியர் பியூஸ்' என்று மட்டும் கேட்டு வாங்கியவர் சில வேளைகளிற் காவலை இரு மடங்கு தளர்த்திவிட்டதை அறியாமலே வீடு திரும்பினார்.

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியை இலங்கையில் அறியாதார் இல்லை. அதன் எஞ்சின் மூடியைத் திறந்தால், கையடக்கமான ஓர் உருகிப்பெட்டி தெரியும். அதில் உழைக்கும் உருகிகள் இரண்டே. பக்கத்தில் ஓய்வெடுக்கும் உதிரி உருகிகள் இரண்டு. முழு வண்டிக்கும் இரண்டு உருகிகள்! முதலாவது, சாவி திருப்பப்படாதபோதும் இயங்கவேண்டிய ஹோர்ன் முதலியவற்றுக்கு. இரண்டாவது, சாவி திருப்பியபின் இயங்கும் வைப்பர், பிரேக் விளக்கு, திசைகாட்டி, பெற்றோல் மானி ஆகியவற்றுக்கு. கம்பிகளின் நிறமும் இந்தப் பிரிவைச் சொல்லும். உருகியின் காவலிலுள்ள ஊதா நிறக்கம்பி முதற் கூட்டத்தைச் சேர்ந்தது. பச்சை நிறக்கம்பி இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது. பற்றரியிலிருந்து நேரே வரும் காவலற்ற கம்பி கபிலம்; சாவியைக் கடந்தும் காவலற்றிருப்பது வெள்ளை; முன்விளக்குக்கு நீலம், பக்க விளக்குக்குச் சிவப்பு, உடலோடு இணைவது கறுப்பு. இந்த நிறநெறியை மனத்திற் கொண்ட சாரதிக்கு எழுத்தறிவு குறைவாயிருந்தாலும் வண்டியின் நரம்புகள் யாவும் பாடமாயிருந்தன.

இந்த அமைப்பின் குறையும் இங்கேதான். வைப்பரும் பிரேக் விளக்கும் ஒரே உருகியைப் பங்கிட்டன. பிரேக் விளக்குக்குச் செல்லும் கம்பி வண்டியின் அடியால் பின்புறம்வரை நீண்டு செல்கிறது. கற்கள் தெறிக்கும் தோட்டப் பாதையில் அதன் உறை தேய்வது இயல்பு. உறை தேய்ந்த கம்பியிலே மின்சாரம் எப்பொழுதும் நிற்பதில்லை. சாரதி பிரேக்கை மிதிக்கும்போது மட்டுமே அதில் ஓட்டம் பாயும். ஆகவே, மழையில் ஓர் இறக்கத்திலே, வளைவின் முன் பிரேக் மிதிக்கப்படும் அதே கணத்தில் கம்பி உடலைத் தொட்டு உருகி எரியும். வைப்பரும் அப்பொழுதே நிற்கும். எங்கோ பின்னால் உள்ள விளக்கின் குறை, முன்கண்ணாடியை மறைக்கிறது. புதிய உருகியிட்டதும் வைப்பர் ஓடும். அடுத்த வளைவில் மீண்டும் நிற்கும். காரணத்தை வைப்பரிலே தேடியவர் வைப்பரைக் கழற்றிப் பூட்டிக் களைத்தார். 'எந்த மிதிப்பில் எரிந்தது?' என்று கேட்டவர் காற்பங்கு நேரத்திற் கண்டுபிடித்தார்.

முன்விளக்கின் கதை வேறு. மொறிஸ் மைனர் போன்ற அந்நாளைய பிரித்தானிய வண்டிகளில் முன்விளக்குக்கு உருகியே வைக்கப்படவில்லை. எஞ்சினின் தீப்பொறிக்கும் அவ்வாறே. ஓர் உருகி எரிந்து, ஓடும் வண்டியின் இரு விளக்குகளும் ஒருங்கே அணைவதைவிட, கம்பி சூடேறும் ஆபத்தே மேல் என்று வடிவமைத்தோர் கருதினர் போலும். மலைப்பாதையை அறிந்தவர் இந்தத் தீர்ப்பை எளிதில் தள்ளிவிடமாட்டார். பள்ளத்தின் விளிம்பில் இருள் சூழ்வது எத்தகையது என்பதைச் சமவெளியிலிருந்து சொல்ல இயலாது. ஆயினும் தீர்ப்புச் சரியன்று. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி உருகி வைத்தால், ஒன்று போனாலும் மற்றொன்று வழிகாட்டும். கம்பியும் தீயினின்று தப்பும். பிற்கால வண்டிகளில் இம்முறையே நிலைபெற்றது. இரண்டு உருகிகளோடு சிக்கனம் பார்த்த காலத்தில் அந்த எளிய வழிக்கும் இடமில்லாது போயிற்று.

தோட்டங்களில் இரவு வெளிச்சம் என்பது அக்காலத்தில் அரிய பொருள். விமலசுரேந்திரா 1918இல் பொறியியற் சங்கத்தின் முன் எடுத்துரைத்த நீர்மின் திட்டம், லக்சபானாவில் மின்னிலையமாக 1950இலேயே தொழிற்படத் தொடங்கியது. அதன் பின்னரும் லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. அங்கே பிறந்த பல குழந்தைகள் முதன்முதற் கண்ட மின்னொளி, கொழுந்து ஏற்ற வந்த லொறியின் முன்விளக்காயிருந்திருக்கக்கூடும். நோயாளியைத் தோட்ட மருந்துச்சாலையிலிருந்து இரத்தினபுரி, கேகாலை, அவிசாவளை முதலிய இடங்களின் வைத்தியசாலைக்கு இரவிலே கொண்டு செல்ல நேர்ந்தால், கிடைத்ததும் பெரும்பாலும் அதே லொறிதான். அந்த வண்டியின் மின்கம்பி ஒழுங்காயிருக்கிறதா என்பது சாரதி ஒருவரின் கவலையாக மட்டும் இருக்கவில்லை.

மின்சாரம் பங்களாக்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்தபோது, பீங்கான் பிடியிற் சுற்றும் வீட்டு உருகிக் கம்பியும் அட்டையிற் சுற்றப்பட்டுக் கடைகளுக்கு வந்தது. 5 அம்பியர், 15 அம்பியர், 30 அம்பியர் என்று தடிப்பு வேறு. எரிந்த கண்ணாடி உருகியின்மேல் இக்கம்பியைச் சுற்றி வண்டியில் மாட்டும் வழக்கமும் இதனோடு பிறந்தது. அளவறிந்து ஓரிழை சுற்றினால் இடர்ப்பாட்டில் ஓரளவு பொறுக்கத்தக்க செயலே. ஆனால் கை அவ்வாறு நிற்பதில்லை. ஓரிழை எரிந்தால் இரண்டிழை, இரண்டும் எரிந்தால் நான்கு என்று சுற்றுவதே மனித இயல்பு.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் இறுகியது. இடையே 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. எட்டியாந்தோட்டைக்குச் சென்ற இரயில்பாதை 1942இலேயே மூடப்பட்டிருந்தது. ஓப்பநாயக்கைவரை நீண்ட பகுதி 1973இலும், இரத்தினபுரிக்கான சேவை 1976இலும் நின்றன. சரக்கும் மனிதரும் முழுவதும் வீதியையே நம்பவேண்டிய காலத்தில், வீதியில் ஓடும் வண்டிகள் முதுமையடைந்து, உதிரிப்பாகமின்றித் தவித்தன. பிஸ்டன் கிடைக்காவிட்டால் வண்டி நிற்கும். அதனால் பிஸ்டனைத் தேடினர். உருகி கிடைக்காவிட்டாலோ வண்டி நிற்பதில்லை. சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்தாற் போதும், எல்லாம் முன்போல் இயங்கும். இதுவே அதன் வஞ்சகம்.

வெள்ளித்தாள் பார்வைக்கு மெல்லியது. சுருட்டியபின் அது பல மடிப்புள்ள உலோகக் கட்டை. உருகி அறுபடவேண்டிய அளவைப் போலப் பன்மடங்கு ஓட்டத்தை அது முணுமுணுக்காமற் கடத்தும். அப்போது வண்டியிலுள்ள மிக மெல்லிய கம்பியே உருகியின் வேலையை ஏற்கிறது. அந்தக் கம்பி எங்கே இருக்கும் என்று யார் சொல்லமுடியும்? இருக்கையின் கீழ் இருக்கலாம். மற்றைய இருபது கம்பிகளோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, பெற்றோல் குழாயின் அருகே செல்லலாம். உறை உருகிய ஒரு கம்பி பக்கத்துக் கம்பியின் உறையையும் உருக்கும். பின்னர் எது எதனைத் தொடுகிறது என்பதற்குக் கணக்கில்லை. வண்டிக்குள் றப்பர் கருகும் மணம் எழுந்தபின் சாரதி செய்யக்கூடியது ஒன்றே: பற்றரியின் முனையைக் கழற்றுதல். அதற்குச் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் நல்லது. சில சதம் பெறுமதியான உருகியின் இடத்தில், முழுக் கம்பிக்கட்டையும் பலியிட்ட கணக்கு இது. உதிரி கிடைக்காத காலத்திற் கம்பிக்கட்டு எங்கே கிடைக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நல்ல சாரதிகள் எரிந்த உருகியை உடனே எறிவதில்லை. இரத்தினபுரிக் கடைத்தெருவில் மாணிக்கக் கல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுபோல, அதனையும் பிடித்துப் பார்ப்பர். கண்ணாடி தெளிவாயிருந்து, இழை நடுவிலே தளர்ந்து அறுந்திருந்தால், சிறிது மிகையான ஓட்டம் வெகுநேரம் பாய்ந்ததென்று பொருள். இறுகிப்போன வைப்பர் மோட்டார் அப்படிச் செய்யும். கண்ணாடியின் உட்புறம் கறுத்து, உலோகம் பூச்சுப்போலப் படிந்திருந்தால், கம்பி உடலைத் தொட்டுப் பேரோட்டம் ஒரே கணத்தில் பாய்ந்ததென்று பொருள். முன்னதற்குக் கருவியைப் பார்க்கவேண்டும். பின்னதற்குக் கம்பியைத் தொடர்ந்து செல்லவேண்டும்.

உருகி எரியாமலே மின்சாரம் தடைப்படுவதும் சப்பிரகமுவாவின் ஈரக்காற்றில் அடிக்கடி காணப்படும் நோய். பித்தளைப் பிடிகளிற் பச்சைக் களிம்பு படியும். இழை முழுமையாயிருக்க, விளக்கு எரியாது. உருகியை விரலால் அசைத்தால் எரியும். இங்கே வேண்டியது புதிய உருகியன்று, நுண்ணிய உப்புத்தாளும் சிறிது பொறுமையுமே. ஐயத்தைத் தீர்க்க, ஒரு சிறு விளக்கின் ஒரு கம்பியை வண்டியின் உடலிலும் மறு கம்பியை உருகியின் ஒவ்வொரு முனையிலும் தொட்டுப் பார்ப்பர். இரு முனையிலும் எரிந்தால் உருகி நலம். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் உருகியோ அதன் பிடியோ குற்றமுடையது. இரண்டிலும் எரியாவிட்டால் நோய் உருகிக்கு முன்னாலேயே இருக்கிறது. ஒரு விளக்கும் இரண்டு கம்பியும் சொல்லும் இந்தச் செய்திக்கு மேல் விலையுயர்ந்த கருவியும் அதிகம் சொல்லிவிடுவதில்லை.

ஐரோப்பிய வண்டிகளில் வேறொரு வடிவம் இருந்தது. பீங்கான் கட்டையின் வெளிப்புறத்திலே உலோகப் பட்டி திறந்தவாறு கிடக்கும். 8 அம்பியருக்கு வெள்ளை, 16க்குச் சிவப்பு, 25க்கு நீலம். வொக்ஸ்வாகன் வண்டி வைத்திருந்தோர் இதனை அறிவர். கூர்முனை பிடியிற் சரியாகப் பொருந்தாமற் சூடாவது இதன் குறை.

கண்ணாடிக் குழாயின் ஆட்சியை முடித்துவைத்தது 1976இல் அமெரிக்காவின் லிற்றில்பியூஸ் நிறுவனம் வெளியிட்ட தகட்டு உருகி. அந்நிறுவனம் 1927இல் சிக்காகோவில் எட்வேர்ட் சுண்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. பிளாஸ்ரிக் உடலினுள் நாகத் தகடு வளைவாக நிற்க, இரு கால்கள் கீழே நீண்டிருக்கும். கபிலம் 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30 அம்பியர். இங்கே எண் அறுபடும் அளவைக் குறிப்பதில்லை. அதனைப் போல இரு மடங்கு ஓட்டம் பாய்ந்தால் 5 செக்கனுக்குள் அறுபடும்படி செய்யப்பட்டது. தலைப்பில் இரண்டு சிறு துளைகள் உண்டு. உருகியைக் கழற்றாமலே அவற்றிற் சோதனை விளக்கைத் தொட்டுப் பார்க்கலாம்.

1977இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது, ஜப்பானில் ஓடிய வண்டிகள் இலங்கைக்குப் பெருவாரியாக வந்தன. தகட்டு உருகி அவற்றோடு தோட்டங்களுக்கு வந்தது. இரண்டு உருகிகள் இருந்த இடத்தில் இருபது, முப்பது உருகிகள். எஞ்சின் அருகே ஒரு பெட்டி, சாரதியின் முழங்காலருகே இன்னொன்று. எந்த உருகி எதற்கென்று மூடியின் உட்புறத்தில் தெளிவாக எழுதியிருக்கும், ஜப்பானிய எழுத்தில்! இதைவிட வேடிக்கையான உதவி வேறில்லை. எண்களும் நிறங்களும் மட்டும் எல்லா நாட்டவருக்கும் பொது. ஆகவே மூடியைப் படமெடுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் தமிழிலோ சிங்களத்திலோ எழுதி ஒட்டி வைப்போர் புத்திசாலிகள். அந்த வேலையைப் பகலில், மழையற்ற நாளிற் செய்துவிடுவது நல்லது. மழையிரவில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதால் இடம் மாறிப் பூட்டும் பிழையே மிகும்.

மாற்றும் முறை மாறவில்லை. முதலில் சாவியை அணைத்து, எவையெவை ஒருங்கே நின்றன என்று பார்க்கவேண்டும். வானொலி மட்டுமா, அதனோடு உள்விளக்குமா? ஒருங்கே நின்றவை யாவும் ஓர் உருகியின் குடும்பம். அந்த உருகியைப் பெட்டியிலுள்ள சிறு இடுக்கியால் நேரே இழுத்து எடுத்து, அதே எண்ணுடைய புதியதை இடவேண்டும். குறைந்த எண் தற்காலிகமாக உதவலாம்; கூடிய எண் ஒருபோதும் ஆகாது. புதியதும் உடனே எரிந்தால் மூன்றாவதை இடுவது வீண். அந்தக் குடும்பத்திலுள்ள சுவிச்சுக்கள் யாவற்றையும் அணைத்து, புதியதை இட்டு, ஒவ்வொன்றாகப் போடும்போது எதனோடு எரிகிறதோ அதுவே குற்றவாளி. எதுவும் போடாமலே எரிந்தால் கம்பியிலேயே தேடவேண்டும். பயணத்தைத் தொடர்ந்தே ஆகவேண்டுமானால், அவசியமற்ற கருவி ஒன்றின் உருகியை, எண் ஒன்றாயிருந்தால், கடன் வாங்கலாம். வானொலி மௌனமாயிருந்தாலும் வைப்பர் ஓடட்டும். பெரிய லொறிகளில் 24 வோல்ற்று இருப்பதால், ஒரே வலுவுள்ள விளக்குக்குக் காரினும் பாதி ஓட்டமே பாயும். ஆகையால் லொறியின் கணக்கைக் காருக்குக் கொண்டுவரலாகாது. இக்காலக் கலப்பின வண்டிகளில் செம்மஞ்சள் உறையுள்ள தடித்த கம்பிகள் நூற்றுக்கணக்கான வோல்ற்றைச் சுமப்பவை. அவற்றின் பக்கம் பயிற்சியற்ற கை செல்லவே கூடாது.

மொறிஸ் மைனரின் உற்பத்தி 1970களின் முற்பகுதியில் நின்றது. இலங்கையில் அது நிற்கவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தாருக்கு வேண்டிய உடற்பாகங்களை 1990களில் இலங்கையரே செய்து அனுப்பினர் என்றால், இவ்வண்டியின்பால் இந்நாட்டவருக்குள்ள பற்றை உணரலாம். கேகாலை, இரத்தினபுரி வீதிகளில் ஓடும் பழைய வண்டிகளுக்காகக் கண்ணாடி உருகி இன்னும் விற்பனைக்கு வருகிறது. ஆனால் இப்போது வருபவற்றில் உள்ளே காகிதத் துண்டு எப்போதும் இருப்பதில்லை. எண் பித்தளை மூடியிற் பொறிக்கப்பட்டிருக்கும், அது பெரும்பாலும் தொடர்ந்து தாங்கும் அளவு. பழைய பெட்டியின் மூடியில் 35 என்று கண்டு, அதே 35 பொறித்ததை வாங்கி இடுபவர் இரு மடங்கு தளர்ந்த காவலனை நிறுத்துகிறார். அந்தப் பெட்டிக்குப் பொருந்துவது தொடர்ந்து 17 அம்பியரளவு தாங்கும் உருகி; கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லும்போதே, அது எந்த அளவு என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்கவேண்டும்.